ஏழு எண்ணிக்கையில் ஒரு வீதியுலா: திருவிடைமருதூர்ப் பக்கம் நாயனம் கேட்கப் போகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் மயிலாடுதுறை பாசஞ்சரில் ஏறினால் திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, நரசிங்கன்பேட்டை, குத்தாலம் என்று வரிசையாக ஊர்கள் வரும். நாயனம் என்கிற நாதஸ்வரம் செய்கிற ஊர், அதில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி கட்டுகிற ஊர், அதை விடிய விடிய ஒலிக்க வைத்த கோயில் மூன்றும் இந்த ஒரு துண்டுப் பாதைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஒரு பகலும் ஓர் இரவும் கையில் இருந்தால் போதும்.

சென்னை, பெங்களூர் கிளப் மேடைகளில் புரோகிரசிவ் ராக் கேட்டுக் காது பழகியவர்கள் இந்தப் பாதைக்குக் கட்டாயம் வர வேண்டும். பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் வருஷத்துப் பாட்டான 'மனி' ஏழு எண்ணிக்கையில் நடக்கும். சாக்ஸபோன் அந்த ஏழிலேயே வாசிக்கும். கிடார் தனியாக எழும்போது தாளம் நான்குக்கு மாறிவிடும். நாயனமும் தவிலும் ஒரே தாள அமைப்பை விரித்து வாசிக்கும் டெல்டாவின் ரக்தி மேளத்தில் அந்த மாற்றம் கிடையாது. மிஸ்ர சாப்பு என்ற தாளத்தின் ஏழு கடைசிவரை ஏழாகவே இருக்கும். அதற்குள்ளே காலமும் (வேகம்) நடையும் (ஒவ்வொரு எண்ணிக்கையையும் பகுக்கும் விதம்) மாறும். இதைக் கேட்க டிக்கெட் வேண்டாம், தெருமுனையில் நின்றால் போதும்.

நல்ல சமயம் தைப்பூசம். திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலின் பெரிய திருவிழா அதுதான். காவிரியில் தீர்த்தவாரியும் உண்டு. திருவையாறு தியாகராஜர் ஆராதனையோடு சேர்த்துத் திட்டமிடுகிறவர்கள் பஞ்சாங்கம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளில் நடக்கும். 2024இல் பூசத்துக்கு ஐந்தாம் நாள் வந்தது. 2025இலோ பூசத்துக்கு மூன்று வாரம் முந்தியே முடிந்துவிட்டது. போன வருஷக் கணக்கை நம்பி ரயில் பதிவு செய்தால் ஏமாற நேரும்.

பகலில் நரசிங்கன்பேட்டை. இங்கே செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் ஆச்சா. புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் வற்றும்போது வளைந்தும் வெடித்தும் போகும். அதனால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்குகிறார்கள். கடைசல் பிடித்து, நடுவில் துளை போட்டு, மேலே சீவாளி செருகும் கெண்டையும் கீழே விரிந்த வாயான அணசும் பொருத்துவார்கள். விரல் வைக்க ஏழு துளைகள். அடியில் உள்ள மற்ற ஐந்தில் விரல் படாது. மெழுகால் கொஞ்சம் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்யத்தான் அவை. முன்பு திமிரி என்கிற குட்டையான, உச்ச சுருதி நாயனம்தான் அதிகம். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாயனம் வந்த பிறகு சுருதி இறங்கியது, சுத்த மத்யமம் என்ற ம சுரம் நேராகப் பேசியது. இன்று மேடைகளில் நாம் கேட்கும் கனமான நாதம் அந்த மாற்றத்தின் பலன். பட்டறைக்குள் போகிறவர்கள் கடைசல் ஓடும்போது குறுக்கே நின்று படம் எடுக்க வேண்டாம்.

பக்கத்திலேயே திருவாவடுதுறை. அங்கே நாணல் தட்டையில் சீவாளி கட்டுகிறார்கள். எவ்வளவு பெரிய வித்வானானாலும் வாசிப்பு இந்தச் சின்னத் துண்டை நம்பித்தான் இருக்கிறது. காய்ந்தால் பேசாது, ஊறிப்போனால் சுருதி தொங்கும். நாயனத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகள் அலங்காரத்துக்கு அல்ல. நடுவில் ஒன்று மக்கர் செய்தால் மாற்றிக்கொள்ள.

சாயங்காலம் திருவிடைமருதூர் திரும்பியதும் முதல் வேலை, திருவிழாப் பத்திரிகையைத் தேடிப் படிப்பது. அன்றைய உபயம் யாருடையது, கோயில் மேளம் மட்டுமா, சிறப்பு மேளம் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். எட்டு மணிப் புறப்பாடு என்று போட்டிருந்தால் ஒன்பதுக்கும் மேல் ஆகலாம். இருந்தாலும் ஏழரைக்கே போய்விடுங்கள். சுவாமி எழும்பும் முன் தவில்காரர்கள் அலாரிப்பு என்கிற தொடக்க வாசிப்பைத் தொடங்குவார்கள்; பிந்தினால் அது போச்சு.

அடுத்து மல்லாரி, சுவாமி புறப்படும்போது வாசிப்பது. ராகம் கம்பீரநாட்டை, ஐந்தே சுரங்கள்: ச, க, ம, ப, நி. சாகித்யம் (பாடல் வரி) இல்லை. ஒரே அமைப்பை மூன்று காலத்திலும் வாசிப்பார்கள். முதல் காலம் மெதுவாக நகர்கையில் எண்ணத் தொடங்கிவிட்டால் மூன்றாம் காலத்திலும் தொலைய மாட்டீர்கள். எண்ணும்போது தவிலைப் பார்க்காமல் தாளக்காரர் கையைப் பாருங்கள். தவில் வேண்டுமென்றே எடுப்பை, அதாவது வாசிப்பு தொடங்கும் இடத்தை, மறைத்து விளையாடும். தாளம் பொய் சொல்லாது.

முனை திரும்பி சுவாமி நிற்கும் இடத்தில்தான் ராக ஆலாபனைக்கும் ரக்திக்கும் இடம் உண்டு. 'தகிட தகதிமி' என்று மூன்றும் நான்குமாக விரலில் போட்டுக்கொள்ளுங்கள். முடிப்புச் சொற்கட்டான தீர்மானம் பெரும்பாலும் மூன்று முறை வரும். முதல் தடவை கேளுங்கள், இரண்டாவதில் எண்ணுங்கள், மூன்றாவதில் சரியாக எடுப்பில் வந்து விழுவதைக் காணலாம். ரக்தி இப்போது அரிது. நின்று வாசிக்க நேரம் வேண்டும், கேட்கவும் ஆள் வேண்டும். ஆலாபனை பாதியில் சினிமாப் பாட்டுச் சீட்டு நீட்டுகிறவர்களால்தான் அது முதலில் காணாமல் போகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரக்தி வேண்டுமென்றால் புறப்பாட்டுக்கு முன்பே வித்வானிடம் பணிவாகக் கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் வாசிப்பே மாறும்.

எங்கே நிற்பது? அணசுக்கு நேர் எதிரே வேண்டாம், காது அடைத்துப்போகும். பக்கவாட்டில் பதினைந்து, இருபது அடி தள்ளி நில்லுங்கள். தவில்காரருக்கு எதிரே நின்றால் உங்கள் இடப்புறம் வலந்தலை (அவர் வலக்கை அடிக்கும் முகம்): கூடு மாட்டிய விரல்களின் கூர்மையான சொல். வலப்புறம் தொப்பி (இடக்கை முகம்): கம்பின் கும்கி என்ற கன ஒலி. இடக்கை வாசிப்பவரானால் மாறிவரும். ஜெனரேட்டர் வண்டியும் வெடி போடுகிறவர்களும் எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் போய்விடுங்கள். தை மாதப் பனியில் நள்ளிரவுக்கு மேல் தவில் தோல் தளரும். நடுவே நிறுத்தி ஸ்பேனரால் முடுக்குவார்கள். அது ஓய்வு என்று நினைத்து டீக்கடைக்குப் போனால் அடுத்த எடுப்பு தப்பிவிடும்.

போனில் பதிவு செய்பவர்கள் தானாக ஒலி அளவை ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிட்டு, அளவைக் கையால் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தவில் அடிக்கும் நாயனம் அமுங்கி அமுங்கி எழும், பிறகு எதைக்கொண்டும் சரிசெய்ய முடியாது. முழு உலாவும் பதிய மணிக்கணக்கில் இடம் வேண்டும், பவர்பேங்க் அவசியம்.

சுவாமி உள்ளே போனதும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் கலைய வேண்டாம். பள்ளியறைக்கு ஒற்றை நாயனத்தில் நீலாம்பரி ராகம் வரும். அங்கே மைக் கிடையாது, கல் மண்டபம்தான். அது முடிந்து வெளியே வந்தால் திருவிழா நாட்களில் கும்பகோணம் பஸ் கிடைக்கும்; மற்ற நாட்களில் ஆட்டோவை முன்கூட்டியே பேசி வையுங்கள்.