மேரி கட்டடமும் மாமாவின் படகும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகர மண்டபம்), இன்று அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் நிற்கிறது. கடலூரில் என் மாமாவின் மரப்படகோ, ஆண்டுக்கு இரண்டு மூன்று பலகைகளாக மாற்றி, இடுக்குகளில் பஞ்சு அடைத்து, படகின் எண்ணைத் திரும்ப எழுதி வந்ததில், வாங்கியபோதிருந்த மரம் ஏறக்குறைய மிஞ்சவே இல்லை. ஆயினும் அது அதே படகுதான் என்பதில் வீட்டில் எவருக்கும் ஐயமில்லை.

கிரேக்கப் புராண வீரன் தீசியசின் கப்பலைப் பற்றிப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறித்துவைத்த புதிரும் இதுவே: பலகைகள் எல்லாம் மாறிய பின்னும் அது அதே கப்பல்தானா? கழற்றிய பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹாப்ஸ் கேட்டார். (மாமா பழைய பலகைகளை அடுப்பெரித்துவிட்டதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.)

மரத்தைவிட அறுபடாத தொடர்ச்சியே அடையாளம் என்று நினைக்கிறேன். மேரிக்கு அது சில ஆண்டுகள் அறுந்திருந்தது. ஆனால் பாதிப் பலகைகள் பிரிக்கப்பட்டு, படகு கரையில் எலும்புக்கூடாகக் கிடந்த அந்த ஒரு மாதத்தை எதில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.