லேப்ராஸ்கோப்பி பண்ண இடத்துல ஹெர்னியா: குடியாத்தத்துக்கும் வேலூருக்கும் அலைஞ்ச கதை

அம்மாவுக்கு பித்தப்பை கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி (வயித்துல சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன்) பண்ணாங்க, அது நல்லபடியாதான் முடிஞ்சது. சில மாசம் கழிச்சு தொப்புள் தையல்கிட்ட எலுமிச்சம்பழம் சைஸ்ல ஒண்ணு தள்ளிக்கினு வந்துச்சு, இருமுனா பெருசாகுது, படுத்தா காணாமப் போயிடுது. ஆபரேஷன் பண்ண எடத்துக்கே கூட்டிக்கினு போனா டியூட்டி டாக்டர் படுக்க வெச்சு அமுக்கிப் பாத்துட்டு "கொழுப்புமா, சின்ன ஓட்டைதான போட்டோம், ஹெர்னியாலாம் வராது"ன்னு அனுப்பிட்டார். ஹெர்னியான்னா வயித்துச் சுவர்ல விட்டுப்போன எடம் வழியா உள்ள இருக்கிறது வெளிய தள்ளுறது. படுத்தா உள்ள போறத படுக்க வெச்சுப் பாத்தா எப்படிங்க தெரியும்? இன்னும் ஆறல எனக்கு.

அப்பால வேலூர்ல வேற ஒரு சர்ஜன் அம்மாவ நிக்க வெச்சு இரும சொல்லி தையல் மேல விரல் வெச்சாரு, அவ்ளோதான், ஹெர்னியான்னு உடனே சொல்லிட்டாரு. 5 எம்எம் ஓட்டைய பெரும்பாலும் உள்ள தைக்க மாட்டாங்களாம், 10 எம்எம்னா தோலுக்கு அடியில இருக்கிற கெட்டிச் சவ்வையும் சேத்து தைக்கணும். பித்தப்பைய பல பேருக்கு தொப்புள் வழியாதான் எடுப்பாங்க, கல்லு பெருசா இருந்தா அந்த ஓட்டைய இன்னும் அகலம் பண்ணுவாங்க, அதனால அங்கதான் அதிகமா விட்டுப்போகும். வயித்த பெருசா கிழிச்சு பண்றதவிட இதுல ரிஸ்க் கம்மி, ஆனா வரவே வராதுன்னு இல்ல. அம்மாவுக்கு சுகர், வெயிட், பீடி சுத்தி சுத்தி அந்தத் தூள்ல வந்த இருமல், எல்லாம் சேந்துக்கிச்சு.

அவரு பழைய ஆபரேஷன் நோட்ஸ் கேட்டாரு. டிஸ்சார்ஜ் சம்மரில ஆபரேஷன் பேரத் தவிர ஒண்ணும் இல்ல. ரெகார்ட் ரூம் கிளார்க் மொதல்ல பேஷண்ட் நேர்ல வரணும்னாரு, அம்மாவ இஸ்துக்கினு போனா பெரிய டாக்டர் கையெழுத்து வேணும்னாரு, கடைசில "அதெல்லாம் வெளிய தர்றதில்ல"ன்னுட்டாரு. வெள்ளப் பேப்பர்ல அம்மாவ கையெழுத்துப் போட வெச்சு, 2002 மெடிக்கல் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துல தரணும்னு எழுதி, இன்னொரு காப்பில சீல் போட்டுக் குடுங்கன்னு நின்னேன். மூஞ்சியே மாறிடுச்சு, மறுநாளே போன் பண்ணி வாங்கிக்க சொன்னாங்க. அந்த நோட்ஸ்ல தொப்புள் ஓட்டைய உள்ள தைச்சதா ஒரு வரி இல்ல. எழுதலன்னா தைக்கலன்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா எழுதியிருக்கணும் இல்லயா?

முதலமைச்சர் காப்பீட்டுல ஆபரேஷன் பண்ணி மெஷ் (விட்டுப்போன எடத்த தாங்குற வலை) வெச்சாச்சு, நல்லா இருக்காங்க.

நோட்ஸ டிஸ்சார்ஜ் அன்னிக்கே கேட்டு வாங்கிடுங்க, அந்த விதியில 3 வருஷம்தான் ரெகார்ட் வெச்சிருக்க சொல்லியிருக்கு. வீக்கம் இருந்தா நிக்க வெச்சுப் பாக்க சொல்லுங்க, ஸ்கேன்லயும் இரும சொல்லி எடுக்க சொல்லுங்க. உள்ள போகாம கல்லு மாதிரி நின்னு வலி, வாந்தி வந்துச்சுன்னா ஓபி டோக்கனுக்கு நிக்காதீங்க, குடல் மாட்டியிருக்கும், நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க.