நித்திரைக் குளிசையும் டெலே அலியும்

வட லண்டனில் மருந்தாளராக வேலை செய்பவனுக்கு டொட்டன்ஹாம் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டம் நடக்கும் நாட்களில் எங்கள் மருந்துக்கடைக்குள் வருபவர்களில் பலர் வெள்ளை ஜேர்சியோடுதான் வருவார்கள். ஒரு காலத்தில் அந்த ஜேர்சிகளின் முதுகில் நான் அதிகம் கண்ட பெயர் டெலே. மில்டன் கீன்ஸில் பிறந்து, அந்த ஊர் அணிக்குப் பதினாறு வயதிலேயே ஆடத் தொடங்கி, 2015இல் ஐம்பது இலட்சம் பவுணுக்கு டொட்டன்ஹாம் வாங்கிய டெலே அலி என்ற இளைஞர். 2016 ஜனவரியில் கிரிஸ்டல் பலஸ் அணிக்கு எதிராக அவர் அடித்த கோலை இப்போதும் தேடிப் பார்க்கிறேன். கோலுக்கு முதுகு காட்டி நின்றபடி பந்தைத் தடுப்பாளரின் தலைக்கு மேலாகத் தூக்கிவிட்டு, சுழன்று திரும்பி, அது நிலத்தைத் தொடுமுன் அடித்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இங்கிலாந்தின் சிறந்த இளம் வீரருக்கான விருது அவருக்கே கிடைத்தது. 2018 உலகக் கிண்ணக் காலிறுதியில் சுவீடனுக்கு எதிராகத் தலையால் முட்டி ஒரு கோல். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

அதற்குப் பிறகு ஆட்டம் தேயத் தொடங்கியது. மொரின்யோ பயிற்றுநராக வந்ததும் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த கேமராவுக்கு முன்னாலேயே அவரைச் சோம்பேறி என்றார். ஒரு வாரம் கழித்து அதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று அலி பின்னாளில் சொன்னார், ஆனால் அந்தக் காட்சி ஒளிபரப்பாகவில்லை. 2022இல் எவர்ட்டனுக்குப் போனார், அங்கிருந்து துருக்கியின் பெசிக்டாஸுக்கு இரவலாகப் போனார். பணம் கூடிவிட்டது, புகழ் தலைக்கேறிவிட்டது என்றெல்லாம் எங்கள் கடைக்கு வருபவர்களும் பேசினார்கள்.

2023 ஜூலையில் முன்னாள் வீரர் கரி நெவிலுக்குக் கொடுத்த நேர்காணலில் அவர் உண்மையைச் சொன்னார். ஆறு வயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானது, ஏழு வயதில் புகைக்கத் தொடங்கியது, எட்டு வயதில் போதைப்பொருள் விற்றது, பன்னிரண்டு வயதில் இன்னொரு குடும்பம் தன்னைத் தத்தெடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பார்த்தவர்கள் அந்த இடத்தில் கலங்கினார்கள், நானும் கலங்கினேன். ஆனால் மருந்தாளனாகிய என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு பகுதி. தான் அடிமையானது நித்திரைக் குளிசைக்கு என்றார். உதைபந்தாட்டத்தில் இது தன்னோடு மட்டும் இருக்கும் சிக்கல் இல்லை, வெளியில் தெரிவதைவிடப் பரவலானது என்றும் சொன்னார்.

எங்கள் கவுன்டருக்கு இரண்டு விதமானவர்கள் வருகிறார்கள். ஹெரோயினை விட்டு மீள்வதற்காக மெதடோன் எடுப்பவர்கள் ஒரு பக்கம். சிலருக்கு அந்தத் திரவத்தை என் கண்முன்னே குடிக்கக் கொடுத்து, விழுங்கியதை உறுதிசெய்த பிறகே அனுப்ப வேண்டும். அவர்களுக்குத் தங்கள் நிலை தெரியும். அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், திட்டம் வைத்திருக்கிறார்கள், கண்காணிக்க ஆள் இருக்கிறது. இன்னொரு பக்கம் நித்திரைக் குளிசைக்காரர்கள்: இரவுப் பணி முடித்து வரும் தாதி, டாக்சி ஓட்டுநர், மனைவியை இழந்த முதியவர். மரியாதையான மனிதர்கள். கையில் வைத்தியரின் சீட்டு இருக்கிறது. தங்களுக்கு ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணமே அவர்களிடம் இருக்காது.

நம்மவர் ஒருவர், என் தந்தையின் வயது இருக்கும், குளிசையைக் குறைப்பது பற்றிப் பேச்சு எடுத்தபோது என்னிடம் கேட்டார்: "தம்பி, இது வைத்தியர் எழுதித் தந்ததுதானே? நான் என்ன கஞ்சாவா அடிக்கிறேன்?"

"இல்லை ஐயா. ஆனால் வைத்தியர் எழுதியது இரண்டு கிழமைக்கு. இப்போது எத்தனை மாதம் ஆகிறது?"

அவர் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போனார்.

இங்கே நித்திரைக்காக அதிகம் எழுதப்படும் குளிசைகளில் ஒன்று சொபிக்லோன். வழக்கமான அளவு 7.5 மில்லிகிராம். அதிகபட்சம் நான்கு கிழமைதான் எடுக்கலாம், குறைத்து நிறுத்தும் நாட்களும் அதற்குள் அடங்க வேண்டும் என்பது விதி. எடுத்தவர்கள் அடுத்த நாள் காலை வாயில் உலோகக் கசப்பு இருப்பதாகச் சொல்வார்கள், அதை வைத்தே யார் தொடர்ந்து எடுக்கிறார் என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். மூளையைச் சாந்தப்படுத்தும் காபா என்ற இரசாயனத்தின் வேலையை இது கூட்டுகிறது. சில கிழமைகளில் மூளை அதற்குப் பழகிக்கொள்கிறது. பிறகு திடீரென்று நிறுத்தினால், குளிசை தொடங்குமுன் இருந்ததைவிட மோசமான நித்திரையின்மை வரும். இந்த இடத்தில்தான் மனிதர்கள் சிக்குகிறார்கள். அந்த நித்திரையில்லாத இரவு குளிசை செய்த வேலை. ஆனால் அதை எடுப்பவருக்கோ, குளிசை இல்லாமல் தன்னால் முடியாது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடுகிறது. அலியும் இடையிடையே நிறுத்தியிருக்கிறார், சில மாதங்கள் இல்லாமலும் இருந்திருக்கிறார், பிறகு திரும்பப் போயிருக்கிறார். அடியில் கிடந்ததைத் தொடவே இல்லை என்பதுதான் அதற்கு அவர் சொன்ன காரணம். ஓய்வு நாட்களில் காலை பதினொரு மணிக்கே தொடங்கியதையும் சொன்னார். இரவுப் பணி செய்யாத யாரும் காலை பதினொரு மணிக்கு நித்திரைக்காக நித்திரைக் குளிசை எடுப்பதில்லை. எதையோ உணராமல் இருப்பதற்காக எடுக்கிறார்கள்.

ஆட்டக்காரரின் வாரத்தை எண்ணிப் பார்த்தால் இது எப்படித் தொடங்கும் என்பது எளிதில் விளங்கும். இரவு எட்டு மணிக்கு ஆட்டம். அதற்கு முன் உடலை உசுப்ப கஃபீன் குளிசை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் 2004 முதல் கஃபீன் இல்லை. பத்து மணிக்கு ஆட்டம் முடிந்தாலும் இதயம் முடிக்காது. நள்ளிரவுக்குப் பிறகு பயணம், அடுத்த நாள் பயிற்சி. நித்திரை வேண்டும், அதற்கு ஒரு குளிசை. ஒரு நாளுக்கு அது நியாயமான மருந்துதான். சொபிக்லோனும் அந்தத் தடைப்பட்டியலில் இல்லை, ஆகவே எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. மரடோனாவின் கொக்கெயின் 1991 மார்ச் 17ஆம் திகதி பாரி அணியுடனான ஆட்டத்துக்குப் பிந்திய பரிசோதனையில் பிடிபட்டது. பதினைந்து மாதத் தடை கிடைத்தது, அடுத்த மாதமே புவனஸ் அயர்ஸில் கைது. அந்தத் தண்டனையால் அவர் திருந்தவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பொருளோடு மல்லாடினார், 2000இல் சாவின் வாசல்வரை போய்த்தான் சிகிச்சைக்காகக் கியூபாவுக்குப் போனார். ஆனாலும் அங்கே ஏதோ ஒரு மணி அடித்தது. நித்திரைக் குளிசைக்கு அந்த மணிகூட இல்லை.

தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்பிய முன்னுதாரணமும் இருந்தது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். 1994 நவம்பரில் ஆர்சனலின் போல் மேர்சன் மது, கொக்கெயின், சூதாட்டம் மூன்றுக்கும் தான் அடிமை என்று ஒப்புக்கொண்டபோது இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அவரைத் தடைசெய்யாமல் மறுவாழ்வுக்கு அனுப்பியது. 1995 பெப்ரவரியில் அவர் ஆட்டத்துக்குத் திரும்பினார். அவரது அணித்தலைவர் டோனி அடம்ஸ் 1996இல் தன் குடிப்பழக்கத்தை வெளியில் சொன்னார், 2000இல் விளையாட்டு வீரர்களுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். டொட்டன்ஹாம் ஆதரவாளர்கள் நிறைந்த பகுதியில் இருந்துகொண்டு ஆர்சனல்காரர்களைப் புகழ்வது எளிதல்ல, ஆனால் அந்த இருவருக்கும் இந்த நாட்டு விளையாட்டு உலகம் பெரிதும் கடன்பட்டிருக்கிறது.

குளிசை என்றால் நித்திரைக் குளிசை மட்டுமல்ல. லிவர்பூலின் முன்னாள் கோல்காப்பாளர் கிறிஸ் கேர்க்லாண்ட் வலிநிவாரணியான ட்ரமடோலுக்கு அடிமையானதை வெளிப்படையாகப் பேசிவருகிறார். போட்டிக் காலத்தில் ட்ரமடோல் எடுப்பது 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து தடைசெய்யப்பட்டிருக்கிறது. எங்கள் கவுன்டரில் இதன் சிறிய வடிவம் கோ-கோடமோல். பரசிட்டமோலும் கோடீனும் கலந்தது. சீட்டு இல்லாமலே வாங்கலாம், ஆனால் பெட்டியின் முகப்பிலேயே மூன்று நாட்களுக்கு மட்டும் என்றும், அடிமையாக்கக்கூடியது என்றும் அச்சிட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உதைபந்தாட்டம் ஆடும் தமிழ் இளைஞர் ஒருவர் முழங்கால் வலிக்கு அதை அடிக்கடி வாங்க வந்தார். "அண்ணா, இந்தக் கிழமை அரையிறுதி, இல்லாமல் ஓட முடியாது" என்றார். நான் கொடுக்கவில்லை. முழங்காலைக் காட்டச் சொல்லி இயன்மருத்துவரிடம் அனுப்பினேன். அவருக்கு என்மீது கோபம். வேறு கடையில் வாங்கியிருக்கவும் கூடும். அது வலிக்கிறது, ஆனாலும் அடுத்த முறையும் மறுப்பேன்.

அலி துருக்கியிலிருந்து திரும்பியபோது அறுவைச் சிகிச்சை தேவை என்று தெரியவந்தது, மனம் உடைந்திருந்தது. தத்தெடுத்த குடும்பமும் சகோதரரும் முன்பே கெஞ்சியிருந்தார்கள், அவரால் வாய்திறக்க முடியவில்லை. கடைசியில் தானாகவே அமெரிக்காவில் ஒரு நிலையத்தில் ஆறு கிழமை இருந்தார். குளிசைக்கும், மனநலத்துக்கும், சிறுவயதுக் காயத்துக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை. மற்றவர் சொல்லிப் போக முடியாது, தானே முடிவெடுக்க வேண்டும் என்றார். என் அனுபவம் அதை அப்படியே ஆமோதிக்கிறது. இன்னொன்றும் சேர்ப்பேன்: முடிவெடுத்த நாளில் கதவு திறந்திருக்க வேண்டும். அவருக்குப் பணம் இருந்தது, எவர்ட்டன் துணை நின்றது. எங்கள் கடைக்கு வரும் தாதிக்கு இரண்டும் இல்லை. அவருடைய அளவை வைத்தியரோடு பேசி, படிப்படியாக, சில நேரம் மாதக்கணக்கில் குறைக்கிறோம். அவசரப்பட்டால் கவலை நோய் பாயும், பெரிய அளவில் எடுத்தவர்களுக்கு வலிப்புகூட வரலாம்.

அலியின் கதையைப் பத்திரிகைகள் முடித்துவைத்த விதம் எனக்கு ஆறவில்லை. 2025 ஜனவரியில் இத்தாலியின் கோமோ அணியில் சேர்ந்தார். மார்ச்சில் மிலானுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, பத்து நிமிடங்களுக்குள் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். செப்டம்பரில் இரு தரப்பும் சம்மதித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன. உடனே, மீண்டுவர முடியாதவர் என்ற தீர்ப்பு. ஒருவர் மீண்டுவிட்டாரா என்பதை அவர் அடித்த கோல்களை வைத்து எப்படி அளப்பார்கள்? கால்களுக்கு வயதும் காயமும் உண்டு, குளிசையை விட்டாலும் அவை போகாது. கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் எனக்கு, ஒரு மனிதர் அந்தக் குளிசையில்லாமல் ஒரு மோசமான நாளைக் கடப்பதுதான் பெரிய செய்தி. புதிய அணிக்கான தன் முதல் ஆட்டத்திலேயே உலகம் பார்க்கச் சிவப்பு அட்டை வாங்குவது மோசமான நாள்தான்.

சொபிக்லோன் கேட்டு வரும் இளைஞர்களிடம் நான் இப்போது அலியின் பெயரை எடுக்கிறேன். விரிவுரை செய்வதில்லை. அவர் நேர்காணலைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்பேன். பார்த்தவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே மிச்சத்தைப் பேசத் தொடங்குகிறார்கள்: எத்தனை எடுக்கிறார்கள், எப்போதிலிருந்து, எந்த நேரத்தில். அந்த மூன்று விவரங்கள் கிடைத்தால் வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்க எனக்குப் போதும்.