ரோடுதானே என்று நினைக்கும் இடம்

குளிர்காலத்தில் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட மலைச்சாலைகளில் ஆட்களை ஒரு நாள் நடைக்குக் கூட்டிப்போவது என் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும், "ரோடுதானே, என்ன பயம்?" என்றுதான் கேட்பார்கள். அந்த நினைப்பைப் போக்குவதற்கே காலையில் பாதி நேரம் போய்விடும்.

மலைச்சாலை என்பது சரிவில் வெட்டிய ஒரு படி. காற்று பனியை வாரிக் கொண்டுவந்து அந்தப் படியை நிரப்பிவிட்டால், வெட்டுவதற்கு முன்பிருந்த சரிவே திரும்ப வந்துவிடும். ஓரத்தில் நட்ட கம்பங்களின் நுனி மட்டும் வெளியே தெரியும். அங்கே கால் வழுக்கினால் பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது உள்வளைவுகள். மலை மடிந்து ஓடை இறங்கும் இடம் அது. மேலே பனி சரிந்தால் பெரும்பாலும் அந்த மடிப்பு வழியாகத்தான் வந்து கொட்டும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. நாம் நிற்கும் இடம் சமமாக இருந்து பயனில்லை, தலைக்கு மேலே என்ன சாய்வு என்று பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், உள்வளைவில்தான் காற்று அடிக்காது. களைத்தவர்கள் அங்கேதான் உட்காரப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, நிற்காமல் கடக்க வேண்டும். ஃபோட்டோ, தண்ணீர், அவிழ்ந்த ஷூ லேஸ் எல்லாம் வெளிவளைவுக்கு வந்த பிறகுதான். அங்கே குளிர்காற்று முகத்தில் அறையும். பரவாயில்லை.

பனிச்சரிவு எச்சரிக்கை மோசமாக உள்ள நாளில் கிளம்புவதே இல்லை. வழியில் காலடிப் பனி 'தொம்' என்று அமுங்கி உட்கார்ந்தால், உள்ளே பலமில்லாத அடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அதோடு திரும்பிவிடுவோம்.

அப்புறம் வியர்வை. புறப்படும்போது லேசாகக் குளிரட்டும் என்று ஒரு ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் வைக்கச் சொல்வேன். ஏறும்போது நனைந்த உள்ளாடை, நின்றவுடன் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். ஒருமுறை வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த ஒரு பெண், திடீரென்று பேச்சை நிறுத்தினார். ஜாக்கெட் ஜிப்பைப் பிடிக்க முயன்றார், விரல் நழுவியது, மறுபடியும் நழுவியது. கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்றார். கையுறைக்குள் விரல்கள் விறைத்திருந்தன, உள்சட்டை ஈரமாக இருந்தது. காய்ந்த உடுப்பு மாற்றி, சூடாகக் குடிக்கக் கொடுத்து, அங்கிருந்தே எல்லோரும் இறங்கினோம். "குளிருதா?" என்று யாரையும் நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. கை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.

திரும்பும் நேரத்தைக் காலையிலேயே சொல்லிவிடுவேன். ஆனாலும் அந்த நேரம் வரும்போது, "அடுத்த வளைவு வரைக்கும் மட்டும்" என்று ஒருவராவது கெஞ்சுவார். ஆசையோடு வந்தவரின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் பகலில் இளகிய பனி, வெயில் போனதும் இறுகிக் கண்ணாடியாகிவிடும். காலணியில் இரும்பு முள் மாட்டி, ஒவ்வொரு அடியாகப் பார்த்து இறங்க வெளிச்சம் வேண்டும். அதனால் சரி என்று சொல்வதில்லை, திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவேன்.