அக்காவுக்கு முப்பது சென்ட்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் கறி சாப்பிடாமல் இருப்பது எனக்கு என்றைக்குமே கஷ்டமாக இருந்ததில்லை. சாம்பல் புதனில் தொடங்கி, ஞாயிறுகளைக் கழித்துவிட்டால் நாற்பது நாள். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை ஆராதனையில் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். நாசரேத் பக்கத்துக்காரன், இதெல்லாம் சின்ன வயதிலேயே பழகியது.

அப்படி ஒரு லெந்தில் காலை வேதவாசிப்புக்கு மத்தேயு 5:23, 24 வந்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற பகுதி. எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டதுதான். எனக்கு யார்மேல் கோபம் என்று யோசித்தேன். யார்மேலும் இல்லை. திருப்தியாகப் புத்தகத்தை மூடப்போனவன் மறுபடி பார்த்தேன். அங்கே இருப்பது ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’. என் கோபத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. என்மேல் யாருக்குக் குறை என்பதுதான் கேள்வி.

அக்காவுக்கு இருந்தது.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு, 60 சென்ட் பனைவிளைக்கு, அதாவது பனந்தோப்புக்கு, தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அக்காவிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தேன். நகை போட்டுத்தானே கட்டிக்கொடுத்தோம் என்பது ஊர் நியாயம். சட்டம் வேறு. கிறிஸ்தவர்களுக்கான 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள், காப்பி குடித்தாள், பஸ் ஏறிப் போய்விட்டாள். அதற்கப்புறம் கோயில் விருந்தான அசனத்துக்குக்கூட வருவதில்லை. அவளுக்கு மூட்டுவலி என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

உடனே கிளம்பிப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. நற்கருணை ஆராதனையில் சமாதானம் கொடுக்கும்போது பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் தனியாகப் போய், ஒரு தொகையைக் கோயில் கட்டட நிதிக்குக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். “உங்க அக்கா பங்கை எதுக்குக் கோயிலுக்குக் கொடுக்கீங்க?” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்டது, “பிள்ளைகளுக்கு என்ன வைக்கப் போறீங்க?” நியாயமான கேள்வி. இன்றைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை. இரண்டு வாரம் வீட்டில் குடும்ப ஜெபம் சுருக்கமாகவே நடந்தது.

குருத்தோலை ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. “விளையில பாதி உன் பேருக்கு எழுதிரலாம்னு இருக்கேன்” என்றேன். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“ஒன்பது வருசம் ஆச்சுல்லா தம்பி.”

“ஆமா.”

“அன்னைக்கு நீ என்கிட்ட கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன். கேக்காம எழுதி வச்சு பேனாவை நீட்டின.”

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்க வாய் வராமல் உட்கார்ந்திருந்தேன். அத்தான்தான் திண்ணையிலிருந்து, “சகேயு நாலத்தனை கொடுத்தான், மச்சான் பாதியோட நிறுத்துதாரு” என்றார். அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்ற, வேதத்தில் வரும் வரிவசூல்காரன் சகேயு. அக்கா முதல்முறையாகச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் கணக்கு சரிதான்.

பத்திர வேலை நினைத்ததைவிட எளிது. வில்லங்கச் சான்றிதழ் போட்டு, செட்டில்மெண்ட் பத்திரம் எழுதி, ஒரே நாளில் பதிவு முடிந்தது. இழுத்தடித்தது பட்டாதான். சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்வதற்குள் நான்கு தடவை அலைந்தேன். கிணறு யார் பக்கம் விழும் என்று அளக்கிற அன்று எனக்குள் பழைய ஆள் எட்டிப் பார்த்தான். சங்கிலி அவள் பக்கம் போனபோது வயிறு கலங்கியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

கிணறு அக்காவுக்குப் போனது.

இந்த வருடம் அவள் பங்கில் நிற்கும் பனைகளைப் பனையேறி ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறாள். கருப்பட்டி வேண்டுமென்று போன் செய்தேன். ஐந்து கிலோ பஸ்ஸில் போட்டுவிட்டாள். விலை எவ்வளவு என்று கேட்டதற்கு, சந்தை விலைதான், உனக்காகக் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்திருக்கிறேன் என்றாள்.