பெயர் எங்களிடம் இருந்தது, கல் அவர்களிடம் இருந்தது

விக்டோரியா ஸ்திரீட்டில் மலபார் பள்ளிவாசலைத் தாண்டிப் போகிறவர்கள், ஜாலான் குபோர் பக்கம் மரங்களுக்கு அடியில் சாய்ந்தும் பாதி புதைந்தும் நிற்கும் கற்களைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரின் மிகப் பழைய முஸ்லிம் மையவாடி, அடக்கத்தலம், அதுதான். கட்டடக் கலைஞர் கோல்மன் எடுத்த நில அளவையை வைத்து 1836இல் வந்த நகர வரைபடத்திலேயே அங்கே மலாய் இளவரசர்களின் கல்லறைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே எழுத்தே இல்லாத ஒரு உருண்டைக் கல், என் வாப்பாவுடைய பூட்டனாரின் மீசான் கல், அதாவது கல்லறைக் கல், என்று எங்கள் குடும்பம் இப்போது ஏறக்குறைய உறுதியாகச் சொல்கிறது. எப்படித் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

அவர் நாகூர்க்காரர், மரைக்காயர். சிங்கப்பூர் ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கும் படகு வேலை. அந்தக் காலத்தில் ஆற்றுப் படகுகளில் நம் சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள்தான் பெரும்பாலும் இருந்தார்கள், சீனர்கள் அந்தத் தொழிலைப் பிடித்தது பிறகுதான். ஊரில் ஒரு மனைவி, ஜாலான் குபோர் இருக்கும் கம்போங் கிளாமில் ஒரு மனைவி. நாங்கள் ஊர் மனைவியின் வழி. கம்போங் கிளாம் விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். என் உம்மா மட்டும் கோபம் வந்தால், "உங்க பூட்டனாரே அப்படித்தானே" என்று வாப்பாவைக் குத்துவார்.

தொடக்கம் என்று பார்த்தால் நாகூரில் பெரிய வாப்பா வீட்டுப் பெட்டியில் இருந்த ஒரு நோட்டு. முழுக்க அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். பிறப்பு, மௌத் (இறப்பு), கைமாற்றுக் கடன், வயிற்றுவலிக்குக் கஷாயம், எல்லாம் கலந்து கிடக்கும். என் தலைமுறையில் அதைச் சரளமாக வாசிக்க ஆளில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பி, ஊரில் ஒரு வயதான உஸ்தாதை வாசிக்க வைத்தோம். அவர் கடன் கணக்கில்தான் அதிக ஆர்வம் காட்டினார். நடுவில் ஒரு வரி: ஹிஜ்ரி 1284 ரஜப் மாதம் சிங்கப்பூரில் மௌத், கம்போங் கிளாம் மையவாடியில் மாமியாரின் கால்மாட்டில் அடக்கம். கணக்குப் போட்டால் 1867 அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் கடைசிக்குள் வருகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து நேராக லண்டனின் கீழ் போயின. அவருக்கு அது தெரிந்திருக்குமா, தெரிந்தாலும் படகுக் கூலியில் ஏதாவது மாறியிருக்குமா, எனக்குச் சந்தேகம்தான்.

அச்சுக் காகிதத்தில் தேடியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகை 'சிங்கை நேசன்' வரத் தொடங்கியதே 1887இல், அவர் போய் இருபது ஆண்டு கழித்து. ஆங்கிலத்தில் ஸ்திரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இலிருந்து இருக்கிறது, தேசிய நூலகத்தின் இணையத்தில் வீட்டிலிருந்தே தேடலாம், ஆனால் ஒரு படகுக்காரர் இறந்ததை அது ஏன் எழுதப் போகிறது? அதோடு மரைக்காயரை மரிக்கார், மரிக்கான், பினாங்குப் பக்கம் மெரிக்கான் என்று ஒவ்வொரு கிளார்க்கும் தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருக்கிறார். எல்லா எழுத்துக் கூட்டலிலும் தேடினோம். ஊரான் வீட்டு வழக்கு வம்பெல்லாம் கிடைத்தது, நம்மவர் மட்டும் இல்லை.

அப்புறம்தான் மக்சிக் வந்தார். கேலாங் சிராயில் இருக்கும் மலாய் மூதாட்டி, என் லாத்தாவின் (அக்காவின்) தோழிக்குத் தூரத்துச் சொந்தம். நோன்பு மாதத்துக்கு முன்னால் அவர்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஜாலான் குபோருக்கு ஜியாரத், கல்லறைகளைப் பார்த்து வேண்ட, போகிறது. அங்கே அவர்கள் புல் பறித்துத் தண்ணீர் தெளிப்பது இரண்டு கபுருக்கு, கல்லறைக்கு. ஒன்றில் தட்டையான கல், ஜாவியில், அதாவது மலாய்க்கு எழுதும் அரபு எழுத்தில், ஒரு பெண்ணின் பெயர், ஹிஜ்ரி 1277. இன்னொன்று அதன் கால்மாட்டில், எழுத்தில்லாத உருண்டைக் கல். அதில் இருப்பது யார் என்று கேட்டால் "தோக் நாகூர்" என்பார்களாம், தோக் என்றால் மலாயில் தாத்தா. நாகூர் என்று ஓர் ஊர் இருப்பதே மக்சிக்குக்குத் தெரியாது, அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருந்தார். லாத்தா போனில் எனக்கு இதைச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது, நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவசரப்படுவார்கள் என்று நினைக்கிறேன். கதை பொருந்திவிட்டது, பிரியாணி போடு என்று. எங்களுக்கு வாய்த்தது பினாங்குக் காக்கா, அண்ணன் முறை. ஓய்வு பெற்றவர், எதையும் நம்பாதவர். அவர் வற்புறுத்தித்தான் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஓர் அட்டவணை போட்டோம்: என்ன தகவல், யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, முதலில் எப்போது கேட்டது. மூன்றாவது கட்டம்தான் உயிர். ஏனைய கதைகளில் அது என்ன செய்தது என்றால், நான்கு வீடுகளில் நான்கு பேர் ஒரே மாதிரி சத்தியம் பண்ணிச் சொன்ன ஒரு கதை, கடைசியில் ஒரே மாமா ஒரு கல்யாண வீட்டில் அளந்தது என்று வெளிப்பட்டது. நான்கு சாட்சி இல்லை, ஒரு சாட்சிதான். ஆனால் நோட்டும் மக்சிக் வீட்டு வழக்கமும் அப்படி இல்லை. இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறையாகப் பேசிக்கொண்டதே கிடையாது. எங்கள் பக்கம் அவர் பெயரும் தேதியும் இருந்தன, கல் எங்கே என்று தெரியாது. அவர்களிடம் கல் இருந்தது, பெயர் இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத வழியே இல்லாத இரண்டு தகவலும் மாமியாரின் கால்மாடு என்ற ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

காக்கா அதற்கும் விடவில்லை. ஒவ்வொரு கபுருக்கும் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று இரண்டு கல் உண்டே, நீங்கள் காட்டுவது வேறு யாருடைய கால்மாட்டுக் கல்லாகவும் இருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி. இங்கே கிப்லா, மக்காவின் திசை, மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி இருக்கிறது, மையித்தின் (இறந்தவர் உடலின்) முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், ஆக கபுர் ஏறக்குறைய வடக்கு தெற்காக நீளும், தலை வடக்கே. டேப் எடுத்துப் போய் அளந்தோம். அந்த உருண்டைக் கல்லுக்கு ஓர் ஆள் நீளம் தள்ளி, தெற்கே, அதே வரிசையில் இன்னொரு உருண்டைக் கல் மண்ணுக்கு மேல் நான்கு விரல் அளவு மட்டும் தெரிந்தது. ஜோடி சரி. மலாய் வழக்கத்தில் உருண்டை ஆணுக்கு, தட்டை பெண்ணுக்கு, அதுவும் சரி. டிஎன்ஏ பார்க்கலாமே என்று ஒரு தம்பி ஆரம்பித்தான். நாங்களும் மக்சிக்கும் சொந்தமா என்று வேண்டுமானால் அது சொல்லும், எந்தக் கல் என்று சொல்லாது. தோண்டிப் பார்ப்பதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

இத்தனை அவசரம் எதற்கு என்றால், நாம் இருப்பது சிங்கப்பூரில். பிடடாரி கல்லறைத் தோட்டத்தை 2001 முதல் 2006 வரை தோண்டி எடுத்தார்கள், இப்போது அங்கே உட்லீ எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகள். சுவா சூ காங் மையவாடியில் 1998இலிருந்து ஒரு கபுருக்குப் பதினைந்து ஆண்டுதான். ஜாலான் குபோர் இத்தனை காலம் நிற்பதே பெரிய விஷயம். நிற்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும்.

இப்போது சண்டை வேறு. பெயர் பொறித்த கல் வைக்கலாமா? வைக்கணும் என்கிறார் வாப்பா. கபுரை எளிமையாக விடுவதுதான் சுன்னத், நபிவழி, என்கிறார் சின்ன மாமா. அரசாங்க அனுமதி கேட்காமல் அங்கே ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது என்பது என் கட்சி. மக்சிக்கிடம் கேட்டோம். இத்தனை வருஷம் பெயரில்லாமல்தானே துஆ செய்தோம், போய்ச் சேராமலா இருந்திருக்கும் என்று கேட்டார். அதற்கு மேல் வாப்பா வற்புறுத்தவில்லை. அளவுகளையும் படங்களையும் நோட்டுப் பக்கத்தையும் சேர்த்து அச்சடித்து, சிங்கப்பூரில் இரண்டு வீடு, பினாங்கில் ஒன்று, நாகூரில் ஒன்று என்று கொடுத்தாயிற்று. பினாங்குக் காக்கா தன் பிரதியில் "பெரும்பாலும்" என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.