ஒன்பதாம் நாள் தூக்கிய குக்கர்

ஆபரேஷனுக்கு முன்னால் நான் துருவித் துருவி விசாரித்ததெல்லாம் எந்த சைஸ், எந்தக் கம்பெனி, எவ்வளவு செலவு என்பதைத்தான். தலையை யார் வாரிவிடுவார்கள் என்று யோசிக்கவே இல்லை.

கோயம்புத்தூரில், இரண்டாவது பிள்ளை பால் மறந்த பிறகு, தொய்ந்த மார்பை மேலே தூக்கித் தைக்கும் லிஃப்ட்டும், உள்ளே செயற்கைப் பை வைக்கும் இம்ப்ளான்ட்டும் ஒரே நேரத்தில் செய்துகொண்டேன். வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். மாமியாரிடம் "ஒரு கட்டி எடுக்கிறாங்க" என்று சொல்லிவைத்தோம்.

மயக்கம் தெளிந்தபோது வலியைவிட பாரம்தான் தெரிந்தது, நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி. இம்ப்ளான்ட் தசைக்கு அடியில் இருந்ததால் கையை ஊன்றி எழுந்தால் சுளீரென்று இழுக்கும். மூன்று தலையணை அடுக்கி மல்லாந்தே தூக்கம். வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் தையல் தெறித்துவிடுமோ என்று கழிவறையில் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் தந்த சிரப்பும் அம்மா ஊறவைத்த உலர்திராட்சையும்தான் காப்பாற்றின.

கை தோளுக்கு மேலே போகக் கூடாது. தலைவழியாகப் போடும் நைட்டியெல்லாம் பீரோவுக்குள் போயிற்று. முன்பக்கம் ஜிப் வைத்த பழைய ஃபீடிங் நைட்டிகளை அம்மா பரணிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தாலும் வலித்தது.

ஒன்பதாம் நாள் உடம்பு தெம்பாக இருந்தது. அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், விசில் அடங்கிய ஐந்து லிட்டர் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினேன். ராத்திரி பார்த்தால், சர்ஜிகல் பிராவின் இடது பக்கம் ரூபாய் நாணயம் அளவுக்கு மஞ்சளாக ஈரம். தையல் நங்கூரம் மாதிரி இருக்கும்: காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு, மார்பின் மடிப்பில் குறுக்கே இன்னொன்று. கீழ்க்கோடும் குறுக்குக்கோடும் சேரும் முனையில் தோல் விட்டிருந்தது. காய்ச்சல் இருக்கிறதா, சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்தார். இல்லை. "அந்த முனையில ரத்த ஓட்டம் கம்மி. குக்கர் தூக்காதவங்களுக்கும் விடும். ஆனா நீங்க இனிமே தூக்காதீங்க" என்றார். மூன்று வாரம் டிரெஸ்ஸிங்.

வடிவத்தைப் பற்றி ஒன்று. முதல் மாதம் இரண்டும் மேலே ஏறி, டப்பா மாதிரி கெட்டியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். மூன்றாம் மாதம்தான் இறங்கி இளகின. அதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று மார்க் போடுவது வீண் வேலை.

மாமியார் பன்னிரண்டாம் நாள் பொள்ளாச்சியிலிருந்து வந்தார். "டெஸ்ட் ரிசல்ட்டு வந்துருச்சா?" என்று காலையும் மாலையும் கேட்டார். எனக்காகப் பழனிக்கு முடி காணிக்கை வேண்டியிருக்கிறார் என்று தெரிந்ததும் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த நோவு இல்லீல்ல அம்மிணி?"

"இல்லீங்க அத்தை."

வேறொன்றும் கேட்கவில்லை.

ஆறு வாரத்துக்குப் பிறகுதான் சின்னவளைத் தூக்கினேன். தழும்புக்கு சிலிகான் ஜெல் இன்னும் தடவுகிறேன். சிவப்பு மங்க ஒரு வருடமாவது ஆகும் என்கிறார்கள். இடது காம்பில் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வராது. ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கொரு தடவை. சீரியல் நம்பர் போட்ட அட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கிறது.

அம்மா ஊருக்குப் போன மறுநாள் மாமியார் பழனிக்குப் போய்வந்தார். வேண்டினது வேண்டினதுதானாம். சாயங்காலம் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் பின்னால் உட்கார்ந்து, சீப்பை வாங்கி, எனக்குச் சிக்கெடுத்துவிட்டார்.